கீமோவும் கூந்தலும்: குளிர்த் தொப்பி பற்றிய வாசகர் கேள்விகள்

கீமோ எடுக்கும்போது தலையைக் குளிரவைத்து முடி உதிர்வைக் குறைக்கும் முறை பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர், செவிலியர் குழு பதில் தருகிறது.

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அடுத்த வாரம் முதல் கீமோ. தலையில் குளிர்த் தொப்பி போட்டுக்கொண்டால் முடி கொட்டவே கொட்டாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: ‘கொட்டவே கொட்டாது’ என்பதை நம்பாதீர்கள். ‘கொட்டுவது குறையும், பலருக்கு விக் தேவைப்படாது’ என்பதை நம்பலாம். இந்த வேறுபாட்டை அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொப்பி போட்டும் ஏமாந்துபோனதாகச் சொல்பவர்களில் பலர் ஒரு முடிகூட உதிராது என்று நினைத்து வந்தவர்கள்.

கீமோ மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். தலைமுடியில் ஏறக்குறைய 90 சதவீதம் எந்த நேரத்திலும் வளரும் பருவத்திலேயே இருக்கும். அந்த மயிர்க்கால்களின் அடியில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பதால் புற்றுக்கட்டியோடு சேர்த்து அவையும் அடிவாங்குகின்றன. மருந்து ரத்தத்தில் உச்ச அளவில் இருக்கும் நேரம் முழுவதும் தலைத்தோலைக் குளிரவைத்தால் இரண்டு காரியம் நடக்கும். ரத்தக்குழாய்கள் சுருங்கி, தலைத்தோலுக்குப் போகும் ரத்தம் வழக்கமான அளவில் 20 முதல் 40 சதவீதமாகக் குறையும். குளிரில் செல்களின் இயக்கமும் மந்தப்படும். அதனால் வந்துசேர்ந்த கொஞ்ச மருந்தையும் அவை அதிகம் உள்ளே இழுத்துக்கொள்ளாது. இதற்குத் தலைத்தோலின் வெப்பம் 22 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். 18 டிகிரியை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது.

ஆய்வுகளில் ‘வெற்றி’ என்று எழுதுவது, இருந்த முடியில் பாதிக்குக் குறைவாக இழப்பதைத்தான். 2017-இல் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்றில் 50.5 சதவீதம் பேருக்கும், மற்றதில் 66.3 சதவீதம் பேருக்கும் இந்த வெற்றி கிடைத்தது. தொப்பி போடாதவர்களில் ஒருவருக்குக்கூட முடி தங்கவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நம் நாட்டுப் பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்விலும் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு முடி காப்பாற்றப்பட்டது.

அடுத்த வாரமே கீமோ என்கிறீர்கள், நாளைக்கே மருத்துவமனையில் பேசிவிடுங்கள். முதல் ஊசியிலிருந்தே தொப்பி போட்டால்தான் பலன். ‘ஒரு சைக்கிள் (ஒரு சுற்று கீமோ) போகட்டும், கொட்டினால் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் வேலைக்கு ஆகாது. முதல் ஊசியின் அடியைத்தான் மூன்றாவது வாரம் சீப்பில் பார்ப்பீர்கள்.

கேள்வி: எனக்கு முதலில் நான்கு முறை சிவப்பு மருந்து, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முறை பேக்லிடாக்சல் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் தொப்பி ஒரே மாதிரி பலன் தருமா?
(வாசகி, கோவை)

பதில்: தராது. ‘சிவப்பு மருந்து’ என்று நம் வார்டுகளில் சொல்வது டாக்ஸோரூபிசின். அதோடு சைக்ளோபாஸ்பமைடும் சேரும். இந்த ஜோடி முடிக்கு மிகக் கடுமையானது. மேலே சொன்ன 50.5 சதவீத ஆய்விலேயே பேக்லிடாக்சல், டோசிடாக்சல் வகை எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு முடி தங்கியது. சிவப்பு மருந்து வகை எடுத்தவர்களில் 16 சதவீதம்தான். வேறு நாடுகளின் பதிவுகளில் இதைவிடக் கூடுதலாக வந்ததும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் தெரிகிறது. சிவப்பு மருந்து ஜோடியோடு டோசிடாக்சலையும் ஒரே நாளில் சேர்த்துக் கொடுக்கும் முறையில் பலன் மிகவும் குறைவு.

உங்கள் வரிசையில் கடினமான பகுதி முதலில் வருகிறது. அந்த நான்கு சைக்கிளில் முடி கணிசமாக மெலியலாம். அதற்காகத் தொப்பியை விட்டுவிட வேண்டுமா என்பதற்கு ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. தாங்க முடிந்தால் தொடரச் சொல்வதே எங்கள் வழக்கம். மயிர்க்கால் உயிரோடு இருந்தால் பேக்லிடாக்சல் நடக்கும் வாரங்களிலேயே புதுமுடி முளைப்பதைப் பலரிடம் பார்க்கலாம். டாடா ஆய்விலும் தொப்பி போட்டவர்களுக்கு முடி விரைவாகத் திரும்பியது.

ஜெம்சிடாபின், கேப்சிடபின், 5-எஃப்யூ போன்றவை தனியாகக் கொடுக்கப்படும்போது பெரும்பாலும் முடியை மெலியவைப்பதோடு நின்றுவிடும். அவற்றுக்குத் தொப்பிச் செலவு தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். டிராஸ்டுசுமாப் என்ற இலக்கு மருந்து மட்டும் ஏறும் நாட்களில் தொப்பி வேண்டாம்.

கேள்வி: தொப்பி போடும் நாளில் என்னென்ன நடக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்? குளிரைத் தாங்க முடியுமா?
(வாசகி, சேலம்)

பதில்: இயந்திரம் ஒரு சிறு குளிர்பெட்டி அளவில் இருக்கும். பிரிட்டனின் பேக்ஸ்மேன், சுவீடனின் டிக்னிகேப் இரண்டும் உலகெங்கும் பழக்கத்தில் உள்ளவை. பெட்டிக்குள் குளிர்ந்த திரவம் குழாய் வழியாகச் சிலிக்கோன் தொப்பிக்குள் ஓடித் திரும்பும். பேக்ஸ்மேன் பெட்டியில் திரவம் மைனஸ் 4 டிகிரியை ஒட்டி இருக்கும். வெளியே கனத்த துணி உறை ஒன்று சிலிக்கோன் தொப்பியைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும். தாடைக்குக் கீழே பட்டை.

அன்று காலை தலையில் எண்ணெய் கூடாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள முடி தண்ணீரை ஏற்காது. முடியைப் பின்னோக்கி வாரி, தண்ணீர் தெளிப்பானால் வேர்வரை ஈரப்படுத்துவார்கள். முடிகளுக்கு நடுவே இருக்கும் காற்று கம்பளி மாதிரி குளிரைத் தடுக்கும். அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பினால் குளிர் தோலுக்கு இறங்கும். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம், கையில் பிடித்தால் ஈரம் தெரிந்தால் போதும். மேலே சிறிது கண்டிஷனர் தடவுவது பிறகு தொப்பியைக் கழற்றும்போது முடி இழுபடாமல் இருக்க உதவும். நீண்ட கூந்தலைக் கொண்டையாகச் சுருட்டித் தொப்பிக்குள் திணிக்கக் கூடாது, பின்பக்கம் வெளியே தொங்க விட்டுவிடுங்கள். நெற்றியிலும் காதுகளிலும் காஸ் துணி வைப்பார்கள். நெற்றிதான் முதலில் வலிக்கும் இடம்.

மருந்து ஏறுவதற்குக் குறைந்தது 30 நிமிடம் முன்பு குளிரூட்டல் தொடங்கியிருக்க வேண்டும். முடி அடர்த்தியாகவோ சுருட்டையாகவோ இருந்தால் 45 நிமிடம் கொடுப்பது நல்லது. வாந்தி, ஒவ்வாமை தடுக்கும் மருந்துகள் ஏறும் நேரத்தை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிறகு முடியைப் பாதிக்கும் மருந்து ஏறும் நேரம் முழுவதும் தொப்பி. மருந்து முடிந்த பின்னும் தொடரும். டோசிடாக்சல் என்றால் 20 நிமிடம் போதும் என்று நெதர்லாந்து ஆய்வுகள் காட்டின. சிவப்பு மருந்துக்கு 90 நிமிடம் வரை. ஆகவே டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு நாளில் தொப்பி நேரம் மட்டும் மூன்று, மூன்றரை மணி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸை மதியத்துக்கு வைக்க வேண்டாம்.

கஷ்டமானது முதல் 10, 15 நிமிடம். ஐஸ்கிரீமை அவசரமாகக் கடித்தால் நெற்றியில் சுரீரென்று வருமே, அந்த வலி தலை முழுக்க வரும். பிறகு தோல் மரத்துப்போய் வலி அடங்கும். அரை மணி முன்பே பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு வாருங்கள். சால்வை, சாக்ஸ், பிளாஸ்கில் சூடான பால் அல்லது கஞ்சி எடுத்துப் போங்கள். சூடாகக் குடிப்பதால் தொப்பியின் வேலை கெடாது. சிலருக்குக் குமட்டலும், தொப்பியின் கனத்தால் கழுத்து வலியும் வரும், கழுத்துக்கு ஒரு சிறு தலையணை உதவும்.

கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் குழாய் இணைப்பை மட்டும் கழற்றுவார்கள், தொப்பி தலையிலேயே இருக்கும். பத்து நிமிடத்துக்குள் திரும்பிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் தொப்பியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஈரமுடி உறைந்து ஒட்டியிருக்கும். இயந்திரத்தை நிறுத்திச் சில நிமிடம் இளகவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்குத் தவறாமல் தொப்பி போட்டோம். காதோரமும் பின்னந்தலையும் நன்றாக இருக்கிறது. உச்சியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய்விட்டது. மருந்தின் வேலையா, தொப்பியின் குறையா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: மருந்து ரத்தத்தில் தலை முழுவதும் ஒன்றுபோலத்தான் போகிறது. ஓர் இடம் மட்டும் வட்டமாகப் போனால், அந்த இடத்தில் தொப்பி தோலைத் தொடவில்லை என்பதுதான் பெரும்பாலான நேரங்களில் காரணம். தொப்பி ஒரு அளவு பெரிதாக இருந்திருக்கும், அல்லது உட்கார்ந்த பிறகு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். ஒரு விரல் கன இடைவெளி போதும், அங்கே காற்று நிற்கும், தோல் 22 டிகிரிக்குக் கீழே இறங்காது. எங்கள் பார்வையில் இந்தச் சிகிச்சையின் பாதி வெற்றி இயந்திரத்தில் இல்லை, தொப்பியைப் பொருத்தும் கைகளில்தான் இருக்கிறது.

அடுத்த முறை நர்ஸ் தொப்பியை மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அளவு இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சிறியதை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். தொப்பி உள்வாங்கி மறுபடி மேலெழும்பினால் அடியில் இடைவெளி இருக்கிறது. முன்நெற்றி முடியின் எல்லையும் தொப்பிக்குள் வந்திருக்க வேண்டும். தாடைப் பட்டையை இறுக்கிய பிறகு தலையை ஆட்டச் சொல்லுங்கள், தொப்பி தனியாக நகரக் கூடாது. குளிர் ஏறிய பத்தாவது நிமிடம் ‘எந்த இடத்தில் குளிர் தெரியவில்லை?’ என்று மனைவியிடம் கேளுங்கள். அவர் விரல் காட்டும் இடத்தில் உறையை இழுத்துச் சரிசெய்யச் சொல்லலாம். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், பரபரப்பான கீமோ வார்டில் நர்ஸ் ஒருவரே பத்துப் பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இருக்கும் முடியை அந்த வட்டத்தின் மேல் வாரிவிட்டு, மீதமுள்ள சைக்கிள்களுக்குத் தொப்பியைத் தொடருங்கள். போன இடத்தில் தோல் அம்மணமாக இருப்பதால் அங்கே மட்டும் ஒரு மெல்லிய காஸ் போடச் சொல்லுங்கள், குளிர் நேராகக் கடிக்காது.

கேள்வி: எங்கள் ஊர் மருத்துவமனையில் இந்த இயந்திரம் இல்லை. ஃப்ரீசரில் வைத்த ஐஸ் பாக்கெட்டைத் துண்டில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டால் போதாதா?
(வாசகி, தேனி)

பதில்: வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து வரும் பாக்கெட் மைனஸ் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். தோலில் நேராகப் பட்டால் பனிப்புண் வரும். துண்டில் சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே சூடேறிவிடும். ஒரு பக்கம் தோல் வெந்தது போலாகும், மறுபக்கம் குளிரே இறங்காது. கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும்போது தலையில் ஒரு புண் சின்ன விஷயமில்லை.

ஐஸ் முறையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பது உண்மை. 1979-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் டாக்ஸோரூபிசின் எடுத்தவர்களிடம் தலையைக் குளிர்வித்து வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. ஆனால் அன்று விற்ற தொப்பிகளுக்குப் பாதுகாப்பு, பலன் இரண்டுக்கும் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990-இல் விற்பனையை நிறுத்தியது. இயந்திரத் தொப்பிக்கு அங்கே முதல் அனுமதி கிடைத்தது 2015 டிசம்பரில்தான்.

ஜெல் அடைத்த கைமுறைத் தொப்பிகளை வெளிநாடுகளில் இன்றும் சிலர் பயன்படுத்துகிறார்கள். உலர்பனியில் (டிரை ஐஸ்) மைனஸ் 30 டிகிரி வரை குளிரவைத்து, 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழகிய ஆள் ஒருவர் கூடவே இருந்து, தோலை மூடிப் பாதுகாத்துச் செய்யும் வேலை அது. ஃப்ரீசரும் துண்டும் அதற்கு ஈடாகாது. பக்கத்து நகரத்தில் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முடி இருக்கும்போதே உங்கள் நிறத்துக்கும் வகிட்டுக்கும் பொருந்த ஒரு விக் எடுத்து வையுங்கள்.

கேள்வி: தலைக்கு மருந்து போகாமல் தடுத்தால் அங்கே புற்றுநோய் செல் ஒளிந்துகொள்ளாதா? அம்மா இதற்குப் பயந்தே வேண்டாம் என்கிறார்.
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: அம்மா கேட்டது சரியான கேள்விதான். மருத்துவர்களும் பல ஆண்டுகள் இதே பயத்தில் தயங்கினார்கள். மார்பகப் புற்றுநோய் தலைத்தோலுக்குப் பரவுவது அபூர்வம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், தொப்பி போட்ட ஏறத்தாழ 2,000 பேரில் 0.61 சதவீதத்தினருக்கும், போடாதவர்களில் 0.41 சதவீதத்தினருக்கும் அப்படி நேர்ந்தது. புள்ளியியல்படி இந்த வேறுபாட்டுக்குப் பொருளில்லை. பரவியவர்களிலும் பெரும்பாலோருக்கு உடலின் வேறு இடங்களிலும் நோய் இருந்தது. மூளைக்குப் போகும் ரத்தமும் குறைவதில்லை, சுருங்குவது தோலின் குழாய்கள் மட்டுமே.

ஆனால் நோய் ரத்தத்திலேயே இருந்தால் கதை வேறு. ரத்தப் புற்று, லிம்போமா, மைலோமா ஆகியவற்றில் நோய்ச் செல்கள் ரத்தத்தோடு எங்கும் திரியும், அவர்களுக்குத் தொப்பி கூடாது. தலைத்தோலில் ஏற்கெனவே பரவியிருப்பவர்களுக்கும், மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு நடப்பவர்களுக்கும் கூடாது. குளிரில் உடம்பில் தடிப்பு எழும்புகிறவர்கள், குளிரால் ரத்தம் உறையும் நோய்கள் உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கல்லீரல் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு மருந்து ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்பதால் பலன் குறையும்.

கேள்வி: வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பது வழக்கம். சாம்பிராணியும் போடுவேன். கீமோ மாதங்களில் தொடரலாமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த மாதங்களில் முடியின் வேர் பிடிப்பில்லாமல் இருக்கும். தேய்ப்பது, இழுப்பது, சூடு காட்டுவது மூன்றையும் நிறுத்திவையுங்கள். எண்ணெய் தேய்த்தால் அதை எடுக்க அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும், சீயக்காய்ப் பொடியும் சொரசொரப்பு. மென்மையான ஷாம்புவைக் கையில் தண்ணீரோடு கலந்து ஊற்றி, விரல்நுனியால் மெதுவாகத் தடவி, வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீரில் அலசுங்கள். வாரம் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. கீமோவுக்கு மறுநாள் தலைக்குக் குளிக்க வேண்டாம். துண்டால் அடித்துத் துவட்டாமல் ஒற்றியெடுங்கள். ஹேர் டிரையரும் சாம்பிராணிச் சட்டியும் ஒதுங்கி இருக்கட்டும். நுனி வறண்டால் நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும், அதுவும் தொப்பி நாளுக்கு முன்பு வேண்டாம்.

கொட்டிவிடுமே என்று பயந்து பலர் வாரக்கணக்கில் சீப்பே வைப்பதில்லை. அது பெரிய தவறு. உதிர்ந்த முடி உள்ளேயே தங்கி, இருக்கும் முடியோடு பின்னிச் சடையாகிவிடும். பிறகு கத்தரிக்கோல்தான் வழி. அகலப் பல் சீப்பால் தினமும் ஒருமுறை, நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வாருங்கள். பேன் சீப்பு வேண்டாம். இறுக்கிப் பின்னாமல் தளர்வாக விடுங்கள். கனத்த பூச்சரம் ஊசியோடு வேரை இழுக்கும், ஒரு சிறு துண்டுப் பூ போதும். தலையணைக்குப் பட்டு அல்லது சாட்டின் உறை போடுங்கள். டை, மருதாணி எதுவும் கடைசி கீமோ முடிந்து மூன்று மாதம் வரை வேண்டாம்.

முதல் ஊசி போட்ட 14-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாளுக்குள் உதிர்வு தொடங்கும். குளியலறையில் கை நிறைய முடி வரும் அந்த வாரத்தில்தான் பலர் ‘தொப்பி பலிக்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். உதிர்வு தொடங்கியது தோல்விக்கு அடையாளமில்லை. வகிட்டையும் உச்சியையும் ஒரே வெளிச்சத்தில் முதல் நாளும் மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் படம் எடுத்து வையுங்கள், எவ்வளவு போனது என்று கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: புருவமும் இமைமுடியும் தங்குமா?
(வாசகி, சென்னை)

பதில்: தொப்பி அவற்றைக் காப்பாற்றாது. தொப்பி தொடும் இடத்துக்குத்தான் பலன்.

கேள்வி: முடி எப்படியும் திரும்ப முளைக்கும்தானே? அதற்கு ஏன் இவ்வளவு பணமும் நேரமும்? செலவை எப்படிக் கணக்கிடுவது?
(வாசகர், மதுரை)

பதில்: பெரும்பாலோருக்கு முளைக்கும், ஆனால் எல்லோருக்கும் பழையபடி முளைப்பதில்லை. டோசிடாக்சல் எடுத்தவர்களில் சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் உச்சி தெரியும்படி மெலிந்தே நிற்கிறது. 2024-இல் வெளியான தென்கொரிய ஆய்வில், கீமோ முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு முடியின் அடர்த்தியோ தடிமனோ பழைய நிலைக்கு வராதவர்கள் தொப்பி போடாதவர்களில் 52 சதவீதம், போட்டவர்களில் 13.5 சதவீதம். கீமோ நேரத்தில் முடி தங்காதவருக்கும் பின்னால் இந்த நன்மை கிடைக்கலாம் என்பதால் நாங்கள் இதைப் பெரிதாக மதிக்கிறோம். தலையில் முடி இருப்பதால் நோயை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்ற முடிவு நோயாளியின் கையிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள தாய்க்கும், கடையில் நின்று வியாபாரம் செய்பவருக்கும் அது சின்ன விஷயமில்லை. அது தனக்கு முக்கியமில்லை என்று ஒருவர் சொன்னால் அதுவும் முழுக்கச் சரியே. தொப்பி போடாததால் கீமோவின் பலன் துளியும் குறையாது.

செலவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஒரு முறைக்கான கட்டணத்தை மட்டும் கேட்டு வராதீர்கள். தொப்பி உங்களுக்கென்று தனியாக வாங்க வேண்டுமா, பொதுத் தொப்பியா, கூடுதல் நேரத்துக்குப் படுக்கைக் கட்டணம் உண்டா, மொத்தம் எத்தனை சைக்கிள், இயந்திரம் பழுதானால் மாற்று உண்டா என்று கேட்டு, காப்பீடு ஏற்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் ஒருவரோ இருவரோதான் உட்கார முடியும். எனவே கீமோ தேதியோடு தொப்பிக்கான இடத்தையும் முதல் நாளே பதிந்துகொள்ள வேண்டும்.